முதல் மனை

சகோதரி! சீட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டது. புறநகரில் ஒரு மனை வாங்கிப் போட ஆசை, அப்படித்தானே? நல்ல ஆசைதான். ஆனால், "இன்றே முன்பணம் கொடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்தினால், கொஞ்சம் நில்லுங்கள்!

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவான விவகாரங்கள்தாம் அதில் தெரியும். மூலப் பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகலை மட்டும் நீட்டினால், அசல் எங்கேனும் அடகில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அங்கீகாரமில்லாத புது மனையோ, 2016 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் பதிவுக்கே ஏற்கப்படாது.

இன்னொன்று: 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் இங்கே பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. சிறுகச் சிறுகச் சேர்த்தவர் நீங்கள்; பத்திரத்திலும் உங்கள் பெயரே இருக்கட்டுமே!