குறைத்துக் காட்டிய கருவி

‘ஒன்றுமில்லை’ என்று வரும் ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் சந்தேகிப்பதில்லை. நானும்தான். அமெரிக்காவின் ‘லெட்கேர்’ விவகாரத்தைப் படித்தபின் அந்த நிம்மதி ஆட்டம் கண்டுவிட்டது.

ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சொல்லும் கருவி அது. தயாரித்தது மெகல்லன் டயக்னாஸ்டிக்ஸ். சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவை அது குறைத்துக் காட்டக்கூடும் என்று 2017 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலரை மீண்டும் சோதிக்கச் சொன்னார்கள்.

கூட்டிக் காட்டியிருந்தால் மறுசோதனையில் தவறு தெரிந்துவிடும். குறைத்துக் காட்டினால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சுவரில் உரியும் பழைய ஈயச் சாயம் அப்படியே இருக்கும். ஈயமோ வளரும் மூளையைப் பாதிப்பது; பாதுகாப்பான அளவு என ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

கருவி பழுதாவது சகஜம். என்னை உறுத்துவது வேறு. ஒரு ரகக் கருவியின் கோளாறு 2013லேயே நிறுவனத்துக்குத் தெரியும். மறைத்ததற்காக 2024இல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இழப்பீடு உட்பட 42 மில்லியன் டாலர் செலுத்தச் சம்மதித்தது. பொதுவாக, கருவிகளைத் திரும்பப் பெறுவதை நிறுவனங்களே தொடங்கவேண்டும். தெரிந்தவர் வாய்திறக்காவிட்டால் அதிகாரிகளுக்குத் தகவல் தாமதமாகத்தான் போகும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் சிலர், இன்று உங்கள் வயதினர்.