பில்லை போட்டோ எடுத்தாச்சு, க்ளைம் பணம் ஏன் வரல? செலவு ஆப் - அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் இணைப்பில் என்ன நடக்கிறது?

ஆபீஸ் வேலையாக வெளியூர் போய் வந்தால் பில்லை எல்லாம் ஒரு தாளில் ஒட்டி, வவுச்சர் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, அக்கவுன்ட்ஸில் கொடுக்க வேண்டும். பல நிறுவனங்களில் இந்தக் காலம் முடிந்துவிட்டது. மொபைலில் பில்லை போட்டோ எடுத்தால் போதும். தொகை, தேதி, கடைப் பெயர் எல்லாவற்றையும் ஆப்பே படித்துக்கொள்கிறது. மேனேஜரும் தன் மொபைலிலேயே அப்ரூவ் செய்துவிடுகிறார்.

ஆனாலும், மாசக் கடைசியில் "என் க்ளைம் என்னாச்சு?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. ஆப்பில் 'அப்ரூவ்டு' என்று பச்சையாகத் தெரிகிறது. பேங்க் அக்கவுன்ட்டில் பணம் வரவில்லை. பல நேரங்களில் சிக்கல் இருப்பது ஆப்பில் அல்ல. அந்த ஆப்புக்கும் நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில்தான்.

ஏன் இரண்டு சாஃப்ட்வேர்?

இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு. செலவு ஆப் கேட்பது: யார் செலவு செய்தார், எதற்காக, கம்பெனி விதிப்படி இதற்கு அனுமதி உண்டா, யார் ஒப்புதல் தர வேண்டும்? அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் கேட்பது: இது எந்த லெட்ஜரில் போக வேண்டும், இதில் ஜி.எஸ்.டி. எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவில் செலவுக்கு ஸோஹோ எக்ஸ்பென்ஸ், கணக்குக்கு ஸோஹோ புக்ஸ் என்று இரண்டு தனித்தனி மென்பொருள்கள் இருக்கின்றன. கணக்கு மென்பொருளில் பெரிய நிறுவனமான எஸ்.ஏ.பி., 2014-ல் சுமார் 830 கோடி டாலருக்கு கான்கர் என்ற செலவு மேலாண்மை நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. இந்தியாவின் ஹேப்பே நிறுவனத்தை 2021-ல் கிரெட் வாங்கியது. பிறகு அதன் செலவு மேலாண்மைப் பிரிவு மேக்மைட்ரிப் கைக்குப் போனது. டிக்கெட் புக்கிங், செலவு, கணக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதுதான் இந்தத் துறையின் போட்டி.

இணைப்பு எப்படி வேலை செய்கிறது?

இரண்டு மென்பொருள்களும் பேசிக்கொள்ள ஏ.பி.ஐ. என்ற வழி இருக்கிறது. மேனேஜர் ஒப்புதல் கொடுத்ததும், செலவு ஆப் அந்தத் தகவலை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் அனுப்பும். அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் அதை ஒரு என்ட்ரியாகப் பதிவு செய்துவிட்டு, 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் அனுப்பும். பணம் கொடுத்த பிறகு அந்தத் தகவல் மறுபடியும் ஆப்புக்கு வந்தால், அது இருவழி இணைப்பு. வராவிட்டால் ஒருவழி. பணம் வந்த பிறகும் ஆப்பில் 'பெண்டிங்' என்றே காட்டுகிறது என்றால், அங்கே ஒருவழி இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டும் கிளவுடில் இருந்தால் வேலை சுலபம். ஆனால் இந்திய சிறு, நடுத்தர நிறுவனங்களில் பரவலாக இருக்கும் டேலி, பெரும்பாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. அதனால் நடுவில் ஒரு கனெக்டரை நிறுவ வேண்டியிருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலோ, டேலியில் அந்தக் கம்பெனி திறக்கப்படாமல் இருந்தாலோ என்ட்ரி போகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்ரூவ் ஆன க்ளைம் திங்கட்கிழமை வரை நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் குழாய் வேலை. உண்மையான சிக்கல், குழாயில் என்ன போகிறது என்பதில் இருக்கிறது. 'டிராவல்' என்று ஊழியர் தேர்ந்தெடுக்கும் வகை, கணக்கில் எந்த லெட்ஜர்? அதில் உள்ள வரியை என்ன செய்வது? இதை முடிவு செய்வதைத்தான் மேப்பிங் என்கிறார்கள். முன்பு ஒவ்வொரு பில்லையும் பார்த்து அக்கவுன்டன்ட் எடுத்த முடிவு, இப்போது ஒரே ஒரு முறை செட்டிங்ஸில் எடுக்கப்படுகிறது.

ஒரு பயணம், மூன்று பில், மூன்று கணக்கு

ஒரு உதாரணம். கோவையில் மட்டும் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் இன்ஜினீயர், வாடிக்கையாளரைப் பார்க்க விமானத்தில் பெங்களூரு போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

• எகனாமி விமான டிக்கெட்: ரூ.6,000 + 5% ஜி.எஸ்.டி. ரூ.300
• பெங்களூரு ஹோட்டல் அறை: ரூ.5,000 + 5% ஜி.எஸ்.டி. ரூ.250
• ரெஸ்டாரன்ட் சாப்பாடு: ரூ.1,000 + 5% ஜி.எஸ்.டி. ரூ.50

மொத்தம் ரூ.12,600. இதில் ஜி.எஸ்.டி. ரூ.600. நிறுவனம் இந்த ரூ.600-ஐயும் உள்ளீட்டு வரி வரவாக (இன்புட் டாக்ஸ் கிரெடிட்) எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா? முடியாது.

விமான டிக்கெட்டில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அந்த ரூ.300-ஐ எடுக்கலாம். ஹோட்டல் இருப்பது கர்நாடகாவில். அறை வாடகைக்கான வரி, ஹோட்டல் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்தின் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு உள்ள நிறுவனம் கர்நாடக வரியை இங்கே கழிக்க முடியாது. சாப்பாட்டுக்கான வரியை, சில விதிவிலக்குகள் தவிர, சட்டமே கழிக்க விடுவதில்லை.

ஆக, சரியான என்ட்ரி இதுதான்: டிக்கெட்டுக்கு ரூ.6,000 பயணச் செலவு, ரூ.300 வரி வரவு. ஹோட்டலுக்கு முழு ரூ.5,250-ம் செலவு. சாப்பாட்டுக்கு முழு ரூ.1,050-ம் செலவு. ஊழியருக்குக் கொடுக்க வேண்டியது ரூ.12,600.

'பில்லில் ஜி.எஸ்.டி. இருந்தால் வரி வரவு லெட்ஜரில் போடு' என்று செட்டிங்ஸில் ஒரே வரியில் மேப்பிங் செய்திருந்தால்? இந்த ஒரு பயணத்தில் ரூ.300 தவறாகப் போகும். ஆண்டுக்கு இதே மாதிரி 200 பயணங்கள் என்றால் ரூ.60,000. தவறாக எடுத்த வரி வரவைப் பயன்படுத்தியும் இருந்தால், அதைத் திருப்பிக் கட்டுவதோடு ஆண்டுக்கு 18% வட்டியும் சேரும். கையால் எழுதும் அக்கவுன்டன்ட் ஒரு பில்லில் தவறலாம், அடுத்த பில்லில் கவனித்துவிடலாம். செட்டிங்ஸில் நடந்த தவறு 200 பில்லிலும் ஒரே மாதிரி, சத்தமே இல்லாமல் நடக்கும்.

செப்டம்பர் 22 சொன்ன பாடம்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. ஒரு நாளைக்கு ரூ.7,500 வரையிலான ஹோட்டல் அறைக்கு 12% ஆக இருந்த வரி 5% ஆனது. எகனாமி டிக்கெட்டுக்கு அதே 5%. பிசினஸ் வகுப்புக்கு 12% என்பது 18% ஆனது.

வகைக்கு ஒரு வரி விகிதம் என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்த இணைப்புகளுக்கு இது சோதனை. விகிதத்தை மாற்ற மறந்தால், ரூ.5,250 ஹோட்டல் பில்லை 12% என்று எடுத்துக்கொண்டு வரி ரூ.562.50 என்று சாஃப்ட்வேர் பிரித்துவிடும். பில்லில் இருப்பதோ ரூ.250. அதனால்தான் வரித் தொகையை விகிதத்தை வைத்துக் கணக்கிடுவதைவிட, பில்லில் அச்சிட்டிருப்பதை எடுத்து, விகிதத்தை வைத்துச் சரிபார்ப்பது பாதுகாப்பானது.

வேறு எங்கெல்லாம் உடைகிறது?

ஒரே செலவு இரண்டு முறை: கம்பெனி கார்டில் தேய்த்த செலவு, பேங்க் ஸ்டேட்மென்ட் வழியாக ஒரு முறையும், செலவு ஆப் வழியாக இன்னொரு முறையும் கணக்குக்குள் வரலாம். இரண்டும் ஒன்றுதான் என்று அடையாளம் காட்டும் பொதுவான எண் இல்லாவிட்டால், செலவு இரட்டிப்பாகத் தெரியும்.

பெயர் மாறிய லெட்ஜர்: அக்கவுன்ட்ஸில் ஒருவர் 'டிராவல்' லெட்ஜரை 'டிராவல் - டொமஸ்டிக்' என்று மாற்றுகிறார். பெயரை வைத்தே தேடும் இணைப்பு என்றால், அது பழைய பெயரைத் தேடித் தோற்றுப்போகும்.

மூடிய மாதம்: ஜூலை கணக்கை முடித்து லாக் செய்த பிறகு, ஜூலை தேதியிட்ட பில்லை ஆகஸ்டில் சமர்ப்பித்தால் என்ட்ரி திரும்பி வந்துவிடும். ஆப் 'அப்ரூவ்டு' என்கிறது, கணக்கில் அந்தச் செலவே இல்லை. பணம் வராத க்ளைம்கள் சிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

விற்றவர் தாக்கல் செய்யாதது: பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. 2022 ஜனவரி 1 முதல், விற்பனையாளர் தன் ரிட்டனில் காட்டி, அது வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான் வரி வரவு. செலவு ஆப்புக்கு இது தெரியாது. மாதாமாதம் அக்கவுன்ட்ஸில்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

யார் போட்ட என்ட்ரி இது?

2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் கட்டாயம். ஒவ்வொரு என்ட்ரியும் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு இருக்க வேண்டும். அதை அணைத்து வைக்கவும் முடியக் கூடாது. ஆடிட்டரும் இதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

இணைப்பு வழியாக வரும் என்ட்ரிகளில் ஒரு வசதிக் குறைவு உண்டு. அவை எல்லாமே பெரும்பாலும் ஒரே 'இன்டக்ரேஷன் யூசர்' பெயரில் பதிவாகும். செலவு செய்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பது செலவு ஆப்பில் மட்டும் இருக்கும். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். நடுவில் ஆப்பை மாற்றி, பழைய சந்தாவை ரத்து செய்தால் பில் போட்டோக்களும் ஒப்புதல் விவரங்களும் போய்விடக் கூடும். க்ளைம் எண், ஒப்புதல் தந்தவர் பெயர், பில் நகல் மூன்றும் என்ட்ரியோடு சேர்ந்தே கணக்குக்குள் போவது நல்லது.

அப்போ என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் முதலில் ஒரு மாதத்துக்கு என்ட்ரிகளை நேரடியாகப் பதிவு செய்யாமல், 'டிராஃப்ட்' ஆக அனுப்பி, அக்கவுன்டன்ட் பார்த்துச் சரி சொன்ன பிறகு பதிவு செய்யலாம். வரி மேப்பிங்கைச் செலவு வகையை மட்டும் வைத்துச் செய்யாமல், எந்த மாநிலத்து பில், யாருடைய ஜி.எஸ்.டி. எண் என்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். தோற்றுப்போன என்ட்ரிகளின் பட்டியலைத் தினமும் திறந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் இல்லாத ஆபீஸில்தான் க்ளைம்கள் தேங்குகின்றன.

ஊழியர்கள் செய்ய வேண்டியது மூன்றே விஷயம். டிக்கெட் புக் செய்யும்போதே கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள், பயணம் முடிந்த பிறகு பில்லில் சேர்க்கச் சொல்லி அலைவது கஷ்டம். பில்லை அந்த மாதத்துக்குள்ளேயே சமர்ப்பியுங்கள். பணம் தாமதமானால், "அப்ரூவ் ஆச்சா?" என்று மேனேஜரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், "கணக்கில் போஸ்ட் ஆச்சா?" என்று அக்கவுன்ட்ஸில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்கும்.