சாப்பிடக் கூடாதா, சாப்பிடத் தேவையில்லையா?

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் நோயாளியின் கையில் ஓர் ஆங்கிலத் துண்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குப் பிறகு எதையும் சாப்பிட 'மஸ்ட் நொட்' என்கிறது அது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவள் தரம் 9 படிக்கும் மகள்தான். "சாப்பிடத் தேவையில்லையாம் அப்பா" என்கிறாள். தேவையில்லைதானே, கட்டாயமாக விடச் சொல்லவில்லையே என்று விடியப்புறம் ஒரு பால் தேத்தண்ணி உள்ளே போகிறது. மயக்க மருந்து கொடுத்த பின் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளையை நோக முடியாது. களுவாஞ்சிக்குடியில் ஆங்கிலம் படிப்பித்த காலத்தில் இதே பிழையை எத்தனையோ கொப்பிகளில் திருத்தியிருக்கிறேன். 'மஸ்ட் என்றால் வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதுவது நாங்கள்தான். பிள்ளை அதனோடு 'நொட்'டைச் சேர்க்கிறது, 'வேண்டாம்' வருகிறது.

அந்த 'வேண்டாம்' எங்களிடம் இரண்டு வேலை பார்க்கும் சொல். "தனிய வாவிக்குப் போக வேணாம்" என்று தாய் சொன்னால் தடை. "நாளைக்கு நீங்க வர வேணாம், நான் பாக்கிறன்" என்றால் விடுப்பு. எது எதுவென்று குரலும் முகமும் காட்டிவிடும். அச்சடித்த தாளில் அந்தத் துணை இல்லை.

'மஸ்ட் நொட்' என்பதில் மறுப்பு செயலைப் பிடிக்கிறது: செய்யாமலிருப்பது கட்டாயம். 'டோன்ட் ஹாவ் டு' என்பதில் அது கட்டாயத்தையே நீக்குகிறது: செய்தாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியில்கூட 'முஸ் நிஹ்ட்' என்றால் பெரும்பாலும் 'தேவையில்லை'தான். அவர்களும் ஆங்கிலம் படிக்கும்போது இதே இடத்தில்தான் தடுக்குப்படுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கோ இந்த வேறுபாடு வாயிலேயே இருக்கிறது. "அங்க போகப்படாது" ஒன்று, "போகவேணுமெண்டில்ல" இன்னொன்று. பட்டிருப்புப் பாலம் கடந்து படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைக்கும் இவற்றில் குழப்பமே கிடையாது. இன்னும் நுட்பம் உண்டு. "போகவேணும்" என்பது சொல்பவரின் உறுதி. "போகவேண்டிக் கிடக்கு" என்பது வெளியிலிருந்து வந்த நெருக்கடி. மஸ்டுக்கும் ஹாவ் டுவுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் இவ்வளவுதான். இந்தப் பேச்சைக் கொச்சை என்று வகுப்பறை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே அட்டவணையை மனனம் செய்ய வைக்கிறோம். எனக்கு இது பெரிய வீணடிப்பாகப் படுகிறது. வீட்டு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகலாம்.

சட்ட ஆங்கிலத்தின் 'ஷல்' மஸ்டைவிடக் கனமானது. இலங்கையில் 1956 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது அந்தச் சொல்லால். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதும், ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியதும் அதே சொல்லால்தான். தமிழ்ச் சட்டவாசகம் அதனை 'ஆதல் வேண்டும்' என்று பெயர்க்கிறது. பழக்கமில்லாத கண்ணுக்கு இது யாரோ பதாகை பிடித்துக் கேட்பதுபோலத் தோன்றும். ஷல் அங்கே கேட்கவில்லை, பணிக்கிறது. சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவம் நீட்டப்படும் கருமபீடத்தில் "தமிழில் தாங்க" என்று கேட்பவர், தயவு கேட்டு நிற்பவர் அல்லர்.