தீர விசாரிப்பது முஃமினின் கடமை



திருடன் என்றால் நம் முன்னோருக்கு ஓர் உருவம் தெரிந்திருந்தது. அவன் இரவில் வருவான், சுவரில் கன்னம் வைப்பான், நாய் குரைக்கும், ஊர் விழித்துக்கொள்ளும். இன்றைய திருடனுக்கோ இரவும் வேண்டாம், கன்னக்கோலும் வேண்டாம். லுஹர் தொழுது வீடு திரும்பி நீங்கள் உணவருந்தும் நண்பகல் வேளையில், உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியின் வழியாகவே அவன் உள்ளே நுழைந்துவிடுகிறான். அவனுக்குக் கதவைத் திறந்துவிடுபவர்கள் நாமே என்பதுதான் வேதனை.

அபிஷேகப்பாக்கம் போன்ற சிற்றூரில் வாழும் நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எண்ணி இனி வாளாவிருக்க இயலாது. வில்லியனூர் சுல்தான்பேட்டையில் உள்ள வீடும், பாகூரில் உள்ள வீடும், மும்பை நகரத்து மாளிகையும் அந்தத் திருடனுக்கு ஒரே தொலைவுதான். வளைகுடா நாட்டில் வெயிலில் வாடி மகன் அனுப்பும் பணம், நெல் விற்று வந்த பணம், மகளின் நிக்காஹ்வுக்கெனச் சேர்த்த பணம், உம்ராவுக்கென ஒதுக்கி வைத்த பணம் ஆகிய அனைத்தும் இன்று வங்கிக் கணக்கில் வெறும் எண்களாக இருக்கின்றன. அந்த எண்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் கரைந்துவிடக்கூடும். 2023ஆம் ஆண்டில் நம் நாட்டு மக்கள் இவ்வகை மோசடிகளில் இழந்தது ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய் என்றும், 2024ஆம் ஆண்டில் அது 22,845 கோடி ரூபாயாகப் பெருகியது என்றும் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மும்மடங்கு! இது எவரோ சிலருக்கு நேர்ந்த துன்பமன்று. நம் வாசற்படியை எட்டிவிட்ட வெள்ளம்.

இவ்வெள்ளத்திற்கு அணை யாது? திருமறையின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் அதனைக் காட்டித் தருகிறது. தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்றும், இல்லையேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் அவ்வசனம் இறைநம்பிக்கையாளர்களை எச்சரிக்கிறது. இதன் பின்னணியாக விரிவுரையாளர்கள் ஒரு வரலாற்றைக் கூறுவர். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் பெற்றுவர அனுப்பப்பட்டவர் பாதி வழியில் திரும்பி, அவர்கள் ஸகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்தனர் என்று கூறிவிட்டார். அச்செய்தியை நம்பியிருந்தால் குற்றமற்ற ஒரு கூட்டத்தின் மீது படை பாய்ந்திருக்கும். விசாரித்தபோதோ அவர்கள் ஸகாத்துடன் காத்திருந்தது தெரியவந்தது. ஒரு தவறான செய்தி, அதனை நம்பும் ஒரு கண அவசரம், இவை இரண்டும் சேர்ந்தால் எத்துணைப் பெரிய அழிவு விளையும் என்பதற்கு இது சான்றன்றோ!

‘என்னை அழைத்தவர் என் பெயரைச் சரியாகச் சொன்னார், வங்கியின் பெயரையும், ஆதார் எண்ணின் கடைசி இலக்கங்களையும், மகன் பணிபுரியும் ஊரையும் சொன்னார், அவரை எப்படிச் சந்தேகிப்பது?’ என்று ஏமாந்தவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி விடையளிக்கிறது.

ரமளான் ஸகாத் பொருள்களைக் காக்கும் பொறுப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். இரவில் ஒருவன் வந்து உணவுப் பொருளை அள்ளினான். பிடிபட்டதும் தன் வறுமையையும் குடும்பத்தையும் சொல்லிக் கெஞ்சினான். இரக்கம் கொண்டு விட்டுவிட்டார்கள். அவன் பொய்யன், மீண்டும் வருவான் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். அவ்வாறே மறுநாளும் வந்தான்; மீண்டும் கெஞ்சித் தப்பினான். மூன்றாம் இரவில் பிடிபட்டபோது, உறங்கச் செல்கையில் ஆயத்துல் குர்ஸியை ஓதினால் இறைவனின் காவல் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துத் தப்பினான். அண்ணலாரிடம் இது கூறப்பட்டபோது, அவன் சொன்னது உண்மை, ஆனால் அவனோ பெரும் பொய்யன் என்றும், மூன்று இரவுகளாக வந்தவன் ஷைத்தானே என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

சகோதரர்களே! இதில் எத்துணை நுட்பமான பாடம் இருக்கிறது! பொய்யனின் வாயிலிருந்தும் உண்மை வரலாம். அவன் சொன்ன ஒரு செய்தி மெய்யாக இருப்பதனாலேயே அவன் மெய்யன் ஆகிவிடமாட்டான். உங்கள் பெயரும் எண்ணும் எங்கெங்கோ பதிவாகி, கசிந்து, விலைக்கு விற்கப்படும் காலம் இது. அவற்றைச் சொல்வதனால் ஒருவன் வங்கி அதிகாரியோ காவல்துறை அதிகாரியோ ஆகிவிடுவதில்லை.

இத்திருடர்கள் கையாளும் கருவிகள் மூன்று. அவை அச்சம், ஆசை, இரக்கம்.

அச்சத்தைக் கருவியாக்கும் மோசடிக்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருக்கிறது என்றோ, உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் புழங்குகிறது என்றோ ஒருவன் மிரட்டுவான். வாட்ஸ்அப் காணொளியில் காவல் சீருடையில் தோன்றுவான். அறையை விட்டு வெளியேறாதே, மனைவி மக்களிடமும் சொல்லாதே, விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்கில் செலுத்து என்பான். படிப்பறிவில்லாதவர்கள்தாம் இதில் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டில் வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களுக்கு உச்ச நீதிமன்ற விசாரணை போன்ற போலிக் காட்சியையே நடத்திக் காட்டி ஏழு கோடி ரூபாயைப் பறித்தார்கள். ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டி ஒரு கோடிக்கும் மேல் கவர்ந்தார்கள். அவர்களுடைய முறையீட்டின் பேரில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இல்லவே இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தமது வானொலி உரையிலும் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தார். எந்தக் காவலரும் எந்த நீதிபதியும் கைப்பேசியில் கைது செய்வதில்லை, பணம் கேட்பதுமில்லை.

ஆசையைக் கருவியாக்கும் மோசடிகள் இன்னும் பல. பங்குச் சந்தையில் சில வாரங்களில் பணம் இரட்டிக்கும் என்பார்கள். முதலில் சிறு தொகையைத் திருப்பித் தந்து நம்பிக்கையூட்டிப் பின்னர் பெருந்தொகையை விழுங்குவார்கள். பாதிக் கட்டணத்தில் உம்ரா என்று விளம்பரம் செய்து முன்பணத்துடன் மறைவார்கள். உழைப்பின்றி, இழப்பின் அச்சமின்றிக் கிடைக்கும் பெருலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது ஹலாலைத் தேடும் ஒவ்வொருவரின் கடமையல்லவா? வெளிநாட்டில் கணினி வேலை என்று இளைஞர்களை அழைத்துச் சென்று மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கொடுமையும் உண்டு. மியான்மரின் மியாவாடியில் அவ்வாறு சிக்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீண்டு வந்தனர். 2025 மார்ச்சில் அவ்வெல்லைப் பகுதியிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாயகம் கொண்டுவந்து சேர்த்தன. மகனுக்கு வேலை என்று எவரேனும் சொன்னால், அனுப்புவோர் மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர்தாமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

இரக்கத்தைக் கருவியாக்குவோர் ரமளானில் பெருகுகிறார்கள். நோயுற்ற குழந்தையின் படம், அதன் கீழே பணம் செலுத்தும் கட்டக் குறியீடு; கண்ட மாத்திரத்தில் கை நீளுகிறது. ஈகை சிறந்ததே; ஆனால் ஸகாத் உரியவரைச் சென்றடைய வேண்டும். அறிந்த மருத்துவமனை மூலமோ ஜமாஅத் மூலமோ உறுதி செய்துகொண்டு கொடுங்கள். அண்டை வீட்டு ஏழை நம் கண்முன்னே காத்திருக்கிறார் என்பதையும் மறவாதீர்கள்.

இனி, பெற்றோர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று. திருடன் பறித்த பணத்தை எந்தக் கணக்கில் வாங்குகிறான்? தன் கணக்கில் அன்று. ஏதுமறியாத ஓர் இளைஞனின் கணக்கில். உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நாள்களுக்குக் கொடு, சில ஆயிரம் தருகிறேன் என்பான். நம் புதுச்சேரியிலேயே 2025ஆம் ஆண்டில், மாணவர்களின் கணக்குகளைப் பயன்படுத்தி ஏறத்தாழ 90 கோடி ரூபாய் கைமாறியதாகக் கூறப்பட்ட வழக்கில், பொறியியல் மாணவர்கள் உள்பட எழுவரைச் சைபர் குற்றப் பிரிவுக் காவலர்கள் கைது செய்தனர். நன்மைக்கும் இறையச்சத்திற்கும் ஒருவருக்கொருவர் துணை நில்லுங்கள், பாவத்திற்கும் பகைமைக்கும் துணை போகாதீர்கள் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. கணக்கை வாடகைக்கு விடுவது வேறென்ன? ஏதோ ஒரு விதவையின் சேமிப்பு தன் கணக்கின் வழியே ஓடுவதற்குப் பெற்ற கூலி ஹராமன்றி வேறில்லை. உங்கள் பிள்ளைகளிடம் இன்றே இதனைப் பேசுங்கள்.

தற்காத்துக்கொள்ளும் வழியையும் இஸ்லாமிய ஒழுக்கமே கற்றுத் தந்திருக்கிறது. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்றும், திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் அந்நூர் அத்தியாயம் பணிக்கிறது. இதனை உரைகல்லாகக் கொள்ளுங்கள். நேர்மையாளரிடம், விசாரித்துவிட்டு நானே பிறகு அழைக்கிறேன் என்றால் அவர் வருந்தமாட்டார். வஞ்சகனோ இணைப்பைத் துண்டிக்காதே, இப்போதே செய், எவரிடமும் சொல்லாதே என்பான். அவசரமும் இரகசியமும் சேர்ந்து வந்தால் அங்கே வஞ்சகம் இருக்கிறது. நிதானம் இறைவனிடமிருந்து வருவது, அவசரம் ஷைத்தானிடமிருந்து வருவது என்னும் கருத்தமைந்த நபிமொழி நம் இல்லங்களில் ஒலிக்கட்டும்.

கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் உங்கள் பெட்டகத்தின் சாவி. அதனை எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையில்லை. அதனைப் பதியச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று பொருள். நிக்காஹ் அழைப்பிதழ் என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்காதீர்கள், அது கைப்பேசியையே பிறர் வசம் ஒப்படைத்துவிடும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தாலும், அவரை அழைத்துக் கேட்ட பின்னரே எதையும் நம்புங்கள். வங்கியிலிருந்து அழைப்பதாகச் சொன்னால் இணைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலுள்ள எண்ணை அழையுங்கள். அல்லது நேரில் செல்லுங்கள்.

அல்லாஹ் காப்பான், நமக்கு இவையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டுங்கள், பிறகு பொறுப்புச் சாட்டுங்கள் என்றல்லவா நபிகளார் கூறினார்கள்? செல்வம் நம்மிடமுள்ள அமானிதம். அதனைக் காப்பதும் தவக்குலின் ஒரு பகுதியே.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏமாந்துவிட்டால்? அவரை நகைக்காதீர்கள். பிள்ளைகள் ஏசுவார்களே, ஊரார் சிரிப்பார்களே என்று அஞ்சி மறைப்பவர்களின் மௌனம்தான் திருடனுக்குப் பெருந்துணை. பறிபோன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விரைந்தால்தான் இடையில் தடுக்க முடியும். ஆகவே உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமே இரகசியத்தைக் கொடுத்து இழந்தவரும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பல்லர் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கை வகுத்தது. ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. வெட்கம் திருடியவனுக்குரியது, பறிகொடுத்தவருக்குரியதன்று. ஆயினும் ஒரே புற்றில் இருமுறை தீண்டப்படாமல் இருப்பது முஃமினின் இயல்பு என்ற நபிமொழியை நினைவிற்கொள்வோம். இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று பின்னால் வருபவனும் பெரும்பாலும் அதே கூட்டத்தவனே.

இன்று ஜும்ஆ தொழுது திரும்பியதும், வீட்டிலுள்ள முதியோரை அருகில் அமர்த்தி இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிருவாகிகள் தொழுகைக்குப் பின் சில நிமிடங்களை இதற்கென ஒதுக்கலாம். கற்ற இளைஞர்கள் தனித்து வாழும் பெற்றோருக்கும் கைம்பெண்களுக்கும் துணை நிற்கலாம். அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் அவர்களையும் எச்சரிப்பது நம் கடமை.

வஞ்சிப்பவர்களாகவும் வஞ்சிக்கப்படுபவர்களாகவும் ஆகிவிடாமல், தெளிந்த அறிவும் தூய சம்பாத்தியமும் உடையவர்களாக வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.