பவர் ஏற்றும் முன் பல்லைத் தீட்டுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்ததும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் ஊருக்கு ஊர் மரம் அறுக்கும் மெஷின் வந்து இறங்கியது. சாய்ந்து கிடந்த தென்னைகளைக் கோடாலியால் வெட்டி மாளாது என்று கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அந்த செயின்சாக்களில் பல இப்போது மோட்டார் கொட்டகையின் மூலையில் கிடக்கின்றன. கேட்டால், ‘முன்ன மாதிரி இழுவை இல்லீங்க’ என்பார்கள்.

இந்தப் புகாருக்குப் பட்டறைகளில் ஒரு வைத்தியம் பரவி வருகிறது. சைலன்சரின் வாயைப் பெரிதாக்குவது, சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டை எடுத்துவிட்டு கம்ப்ரஷனைக் கூட்டுவது, போர்ட்டைக் குடைந்து அகலப்படுத்துவது. கைபேசியில் இதற்கு வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. இதெல்லாம் பொய்யல்ல; முறையாகச் செய்தால் பவர் கூடத்தான் செய்யும். ஆனால் நம் விவசாயிகளிடம் உள்ள பெரும்பாலான மெஷின்களுக்கு இது தேவையில்லை என்பதும், தேவைப்படும் சிலவற்றுக்கும் இது கடைசி வேலை என்பதும் என் கருத்து.

முதலில் சங்கிலியைப் பாருங்கள். அறுக்கும்போது விழும் தூள் சீவலாக வருகிறதா, மாவாக வருகிறதா? மாவாக வந்தால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், பல் மழுங்கியிருக்கிறது. தீட்டிய சங்கிலி தானாக மரத்துக்குள் இறங்கும், மெஷினை அமுக்க வேண்டியதில்லை. இன்று நாம் பயன்படுத்தும் சங்கிலியின் பல் அமைப்பே ஒரு புழுவிடமிருந்து வந்ததுதான். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி, மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாகச் சீவிச் செல்வதைக் கவனித்து, அதே மாதிரி பல்லை வடிவமைத்தார். அந்தச் சீவும் விளிம்பு போய்விட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

தென்னையும் பனையும் பல்லை வெகு சீக்கிரம் மழுங்கடிக்கும். வெளிப்புற நார்க்கட்டுகள் கடினமானவை; தரையில் கிடந்த மரம் என்றால் மணலும் சேர்ந்துகொள்ளும். காய்ந்த சீமைக் கருவேலம் அதற்குச் சளைத்ததல்ல. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு இழுப்பு அரம் போடுவது நல்ல பழக்கம். அரத்தின் அளவு முக்கியம்: .325 பிட்ச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், சிறிய மெஷின்களில் வரும் 3/8 தாழ் வகைக்கு 4 மில்லிமீட்டர். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை, பல்லின் நுனியைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வையுங்கள். ‘இன்னும் கொஞ்சம் ராவினால் வேகமாகக் கடிக்கும்’ என்று அதை அளவில்லாமல் ராவுவதும் ஒரு வகை பவர் ஏற்றல்தான். மெஷின் முகத்தை நோக்கித் துள்ளுவதற்கு அதுவே வழி.

சங்கிலி சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால் எஞ்சினுக்குள் போகலாம். பட்டறையில் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால், அது சூட்டில் பிடித்த பிஸ்டன்.

அப்போது பிஸ்டனை மட்டும் மாற்றி அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். ஒரு மாதத்தில் புதுப் பிஸ்டனும் சீஸ் ஆகிறது. பழி பொருளின் மேல் விழுகிறது. உண்மையில் எங்கோ காற்று கசிகிறது. கிராங்க் ஆயில் சீல் காய்ந்திருக்கும், அல்லது கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயே பெட்ரோலோடுதான் வருகிறது. கள்ளக் காற்று நுழைந்தால் பெட்ரோல் விகிதம் குறைகிறது, அதோடு எண்ணெயும் குறைகிறது, சூடு ஏறுகிறது. விசையை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் இரைந்துகொண்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். துளைகளை அடைத்து, கைப்பம்பால் சுமார் 0.5 பார் அழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் தடவிப் பார்த்தால் கசிவு குமிழியாகத் தெரிந்துவிடும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்குவது போலத்தான். ஆனால் இந்தச் சோதனையைச் செய்யும் பட்டறைகள் குறைவு.

சீல், ரப்பர் குழாய், கார்புரேட்டர் டயாப்ரம், பெட்ரோல் ஃபில்டர், தேவைப்பட்டால் ரிங். இவ்வளவுதான் பெரும்பாலும் புதுப்பிக்கும் வேலை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய மெஷின்களின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எனவே மாதக்கணக்கில் மெஷினை வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும் வரை ஓடவிட்டு வையுங்கள். கலவை எண்ணெய் 50:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. பைக்கின் எஞ்சின் ஆயில் இதற்கு ஆகாது. சங்கிலிக்குக் கழிவு ஆயில் ஊற்றுவதையும் விடுங்கள்; அதில் உள்ள உலோகத் துகள் பாரைத் தேய்க்கிறது, மிச்சம் உங்கள் தோப்பு மண்ணில்தான் சிந்துகிறது.

இத்தனையும் முடித்த பிறகு சைலன்சரைத் திறப்பது பற்றிப் பேசலாம். வழி பெரிதானால் எஞ்சினுக்குள் அதிகக் காற்று ஓடும். அதற்கு ஈடாகக் கார்புரேட்டரின் ‘எச்’ திருகைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சுமையில்லாமல் முழு வேகத்தில் சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே கீச்சென்று தெளிவாக இரைந்தால் பிஸ்டனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தீப்பொறி வலையை எடுக்கவே எடுக்காதீர்கள். கோடையில் சவுக்குத் தோப்பின் சருகு எப்படிப் பற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேஸ்கட்டை எடுப்பதாக இருந்தால், பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். கேஸ்கட்டின் கனம் போக 0.5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இடைவெளி வருமானால் அந்த மெஷினில் கை வைக்கக் கூடாது. அளக்காமல் ‘கழற்றிடலாம் சார்’ என்பவரிடமிருந்து மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோக்களில் காட்டும் போட்டி மெஷின்கள் சில விநாடி ஓடுவதற்காகத் திருத்தப்பட்டவை. நம் மெஷின் சித்திரை வெயிலில் காலை முதல் மாலை வரை ஓட வேண்டியது.

செயின் பிரேக் இல்லாத பழைய மாடல்களுக்குப் பவர் ஏற்றவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். துள்ளும்போது சங்கிலியை நிறுத்த அதில் ஒன்றுமில்லை. அதைப் பிடிப்பவர் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர்; வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு நிற்பவர்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு கோரிக்கை. மானியம் எல்லாம் புதுக் கருவி வாங்குவதைச் சுற்றியே நிற்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும் வட்டாரத்துக்கு இரண்டு மெக்கானிக்குகளுக்குக் கசிவுச் சோதனையையும் கார்புரேட்டர் சரிசெய்வதையும் கற்றுக்கொடுத்தால், அந்தச் செலவில் எத்தனையோ மெஷின்கள் மூலையிலிருந்து எழுந்து வரும். முகாமை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே நடத்துங்கள். புயலுக்கு மறுநாள் மெக்கானிக் கிடைக்க மாட்டார்.