எல்லை தாண்டும் சம்பளம்

1956 நவம்பர் 1ஆம் தேதி, நிதியாண்டின் நடுவில், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அந்தக் கோட்டின் விலை அம்பூரிக்காரரின் சம்பளச் சீட்டில் இன்றும் தெரியும். நவம்பரில் மார்த்தாண்டத்துக்கு வேலை மாறுபவருக்கு வருமான வரியில் தொல்லையில்லை: மத்திய அரசின் வரி, ஒரே கணக்கு. சிக்கல் தொழில் வரியில். இரு மாநிலங்களிலும் உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை அதை வசூலிக்கின்றன. 1988இல் 250 ரூபாயிலிருந்து 2,500 ஆக உயர்த்தப்பட்ட ஆண்டு உச்சவரம்பு காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு, வசூலிக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் தனித்தனியாகத்தான் அந்த வரம்பை வைத்திருக்கிறது. பழைய பஞ்சாயத்தின் ரசீதைப் புது அலுவலகத்தில் முதல் மாதமே காட்டிவிடுவது நல்லது. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு எல்லை தாண்டி அலைய யாருக்கு லீவு கிடைக்கும்?