ரத்த வாந்தியும் முதல் பன்னிரண்டு மணி நேரமும்

கல்லீரல் கெட்டுப்போன ஒருவன் திடீரென்று ரத்தமாக வாந்தியெடுத்தால், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று வீட்டாரும், சிற்சில இடங்களில் வைத்தியர்களுங்கூடக் கையை விரித்துவிடுகின்றனர். ஒரு காலத்தில் இந்த நிராசைக்கு ஆதாரமிருந்தது. பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 1980-ஆம் வருஷத்தில் இவ்வண்ணம் வந்து சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர் அங்கேயே உயிர் நீத்தனர். அதே ஆஸ்பத்திரியில் 2000-ஆம் வருஷத்தில் அத்தொகை நூற்றுக்கு 15 ஆகக் குறைந்தது. இருபது வருஷங்களில் நோயின் தன்மை மாறிவிடவில்லை, வைத்தியம் மாறிற்று. அந்த மாறுதலின் பலன் நமது தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் வந்திறங்கும் ஏழைக்குக் கிடைக்கின்றதா என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

நோயின் விவரத்தைச் சற்றே கூறுவோம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் ரத்தம் ஒரு பெரிய நாளத்தின் வழியாகக் கல்லீரலுக்குள் செல்கிறது. கல்லீரல் தழும்பேறி இறுகியபொழுது அவ்வழி அடைபடுகிறது. மதகு அடைபட்ட ஏரியில் நீர் கரையின் பலவீனமான இடத்தைத் தேடுவதுபோல, ரத்தமும் உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பாகத்திலும் உள்ள சிறு நாளங்களில் பாய்ந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. ஒருநாள் அவை வெடிக்கின்றன. சிலருக்கு வாந்தியே இராது. தார் போன்ற கறுத்த மலம் மட்டும் போகும். அதையும் அசட்டை செய்தலாகாது.

இந்நிலையில் உறவினர் முதலில் ஓடுவது ரத்தம் சேகரிக்க. எவ்வளவு ரத்தம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்பது பொது ஜனங்களின் நம்பிக்கை; நெடுங்காலம் வைத்தியர்களின் நம்பிக்கையும் அதுவே. 2013-ஆம் வருஷத்தில் பார்ஸிலோனா நகர வைத்தியர்கள், உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ரத்தம் கசிந்த 921 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்து வெளியிட்ட முடிவு இந்நம்பிக்கையைத் தகர்த்தது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பின்னரே ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் ஆறு வாரத்துக்குப்பின் நூற்றுக்கு 95 பேர் உயிரோடிருந்தனர். 9 கிராமிலேயே ஏற்றப்பட்டவர்களில் 91 பேர். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய ரத்தம் அடைபட்ட நாளத்தில் அழுத்தத்தைக் கூட்டி, வெடித்த இடத்தை மீண்டும் திறந்துவிடுகிறது. வெள்ளமாகக் கொட்டும் நோயாளியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவனுக்கு ரத்தமே பிராணன்.

ரத்தத்தை உறையச் செய்யும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் ஊசியையும் பலர் பழக்கத்தினால் போட்டுவருகின்றனர். 12,009 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட பெருஞ் சோதனையில் அது மரணத்தைக் குறைக்கவில்லை. நாளங்களில் ரத்தக்கட்டி உண்டாவதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிற்று. அச்சோதனைக்கு உட்பட்டவர்களுள் கணிசமானோர் கல்லீரல் நோயாளிகளே. இதன் பின்னும் இவர்களுக்கு அந்த ஊசியைப் போடுவது வீண் என்பதோடு தீங்குமாகும்.

செய்ய வேண்டியவைதாம் யாவை? கல்லீரல் நோயாளி ரத்தம் கக்கினான் என்று கண்டவுடனேயே, குழாய்ப் பரிசோதனைக்குக் காத்திராமல், குடல் நாளங்களின் அழுத்தத்தைத் தணிக்கும் டெர்லிப்ரெஸின் அல்லது ஆக்ட்ரியோடைட் மருந்தைத் தொடங்க வேண்டும். கூடவே செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற கிருமிநாசினி ஊசி. ரத்தம் கசிந்த நோயாளிக்குக் கிருமிகள் எளிதில் தொற்றும். தொற்றினால் மீண்டும் ரத்தம் கசியும். ஆதலின் இவ்வூசி உபசாரத்துக்கன்று, உயிரைக் காப்பதற்கே. இவ்விரண்டுக்கும் பெரிய யந்திரசாலையோ நிபுணர் கூட்டமோ வேண்டுவதில்லை. ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் போதும். அதன்பின் நோயாளியின் நிலை சற்றுத் தேறியதும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எண்டாஸ்கோபிக் குழாயைச் செலுத்தி, புடைத்த நாளங்களை ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். மூலநோய்க்கு வளையம் போடும் பழைய முறையைப் பார்த்தே, அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஸ்டீக்மான் என்னும் டாக்டர் 1980-களில் இதை உருவாக்கினார். இரைப்பை நாளமாயின் பசை மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள். இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குக் கல்லீரலினூடே புதுவழி அமைக்கும் சிகிச்சை பெரிய நகரங்களில் உண்டு.

"குடித்துக் கெட்டவனுக்கா பொதுப் பணத்தைச் செலவிடுவது?" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். மஞ்சட்காமாலைக் கிருமிகளினாலும், நீரிழிவோடு வரும் கல்லீரற் கொழுப்பினாலும் இதே கதிக்கு ஆளாகிறவர்கள், ஒரு துளியும் குடியாதவர்கள், அநேகர். குடித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கிய இந்த ராஜ்யத்தில், 2003-ஆம் வருஷம் முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. விற்றவர் காசை வாங்கிக்கொண்டு, வாங்கியவன் ரத்தம் கக்கும்போது நீதி போதிப்பது எந்த தர்மம்?

நமது கோரிக்கை பெரிதன்று. மேற்படி இரு மருந்துகளும் எந்தெந்தத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் இரவிலும் பகலிலும் கிடைக்கும், எந்தெந்த ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் நள்ளிரவிலும் எண்டாஸ்கோபி செய்ய ஆள் உண்டு என்ற ஜாபிதாவை சர்க்கார் பகிரங்கமாக வெளியிடட்டும். மருந்துகளை மொத்தமாக வாங்குவதற்கென்றே 1994-இல் ஏற்பட்ட கார்ப்பொரேஷன் நம்மிடம் உள்ளது. சரக்கு அனுப்புவது அதற்கு அரிய காரியமாகாது. 108 வண்டியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புமுன் இரு மருந்துகளையும் தொடங்கிவிட வேண்டுமென்று ஒரே பக்கத்தில் ஓர் உத்தரவு போதும். சட்டசபை அங்கத்தினர் எவரும் இதைக் கேள்வியாகப் போடலாம்.

பிழைத்து வீடு திரும்புகிறவனிடமும் கவனம் வேண்டும். தடுப்பு வைத்தியமின்றி விடப்பட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வரையில் ஓரிரு வருஷங்களுக்குள் மீண்டும் ரத்தம் கக்குகின்றனர். ப்ராப்ரனலால் மாத்திரை இதைக் குறைக்கும் என்று பாரிஸ் டாக்டர் லெப்ரெக் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார், விலையோ அற்பம். ஆஸ்த்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இம்மாத்திரையின் பெயரையும், அடுத்த வளையம் போட வரவேண்டிய தேதியையும், நோயாளி வாசித்தறியும் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி ஒவ்வொரு வார்டுக்கும் இன்றே தாக்கீது அனுப்பலாம்.